ஐரோப்பாவில் முதல் ரயில் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம் ஊரில் ரயில் டிக்கெட் என்றால் வண்டி, தேதி, பெட்டி, இருக்கை எல்லாம் அதிலேயே அடங்கிவிடும். ஐரோப்பாவில் டிக்கெட் வேறு, இருக்கை வேறு. சில டிக்கெட்டுக்குக் குறிப்பிட்ட வண்டி என்றே ஒன்று கிடையாது. சில டிக்கெட் அந்த ஒரு வண்டியைத் தவிர வேறு எதிலும் செல்லாது. முதல்முறை போகிறவர்கள் அபராதம் கட்டுவதும், உட்கார்ந்த இடத்திலிருந்து எழுப்பப்படுவதும் பெரும்பாலும் இது பிடிபடாததால்தான். ஐரோப்பாவின் பல நாடுகளுக்குச் சேர்த்துத் தரும் ஷெங்கன் விசாவில் இரண்டு மூன்று வாரம் சுற்றப் போகிறவர்களை மனதில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

ஐஆர்சிடிசி போல ஐரோப்பா முழுவதற்கும் ஒரே தளம் இருக்கிறதா?

இல்லை. ஜெர்மனிக்கு டாய்ச்ச பான், பிரான்ஸுக்கு எஸ்என்சிஎஃப், ஆஸ்திரியாவுக்கு ஓபிபி, சுவிட்சர்லாந்துக்கு எஸ்பிபி, ஸ்பெயினுக்கு ரென்ஃபே. இத்தாலியில் அரசின் ட்ரெனிதாலியாவும் தனியாரான இதாலோவும் ஒரே தண்டவாளத்தில் போட்டி போடுகின்றன. ஒன்றின் தளத்தில் மற்றதன் வண்டி தெரியாது. ஸ்பெயினிலும் ரென்ஃபேவுக்குப் போட்டியாக இரியோ, உய்கோ என்று வேறு நிறுவனங்கள் ஓடுகின்றன.

வண்டி நேரம் பார்ப்பதற்கு டாய்ச்ச பான் செயலி போதும். ஜெர்மனிக்கு வெளியே உள்ள வண்டிகளும் பெரும்பாலும் அதில் கிடைக்கும். டிக்கெட்டை அந்தந்த நாட்டு ரயில்வேயிடமே எடுங்கள். ட்ரெய்ன்லைன், ஓமியோ போன்ற இடைத்தரகுத் தளங்கள் மோசம் இல்லை. பல நாட்டு டிக்கெட்டுகளை ஒரே இடத்தில் காட்டும், சிறிய கட்டணம் சேரும். ஆனால் வண்டி ரத்தானால் பணம் திரும்பப் பெற அவர்கள் வழியாகத்தான் போக வேண்டும். கவுன்டரில் இருப்பவர் கைவிரித்துவிடுவார்.

எத்தனை நாள் முன்னதாக எடுக்க வேண்டும்?

அது வண்டியைப் பொறுத்தது. ஜெர்மனியின் ஐசிஇ, பிரான்ஸின் டிஜிவி, இத்தாலியின் ஃப்ரெச்சாரோசா போன்ற அதிவேக வண்டிகளில் விமான டிக்கெட் மாதிரிதான்: முதலில் மலிவு, நாள் நெருங்க நெருங்க ஏறும். பொதுவாக 3 முதல் 6 மாதத்துக்கு முன் விற்பனை தொடங்கும். ஆண்டுதோறும் டிசம்பர் இரண்டாவது சனிக்கு மறுநாள் ஞாயிறு அன்று ஐரோப்பா முழுவதும் புதிய கால அட்டவணை அமலாகும். அதற்குப் பிந்தைய தேதிகளுக்கு சில நிறுவனங்கள் தாமதமாகவே விற்பனையைத் திறக்கும். கிறிஸ்துமஸ் பயணத்துக்கு ஆகஸ்டில் தேடி "வண்டியே இல்லை" என்று பயப்பட வேண்டாம்.

உள்ளூர் வண்டிகளுக்கு விலை மாறாது, இடமும் தீராது. ஃபிளாரன்ஸிலிருந்து பீசா போக இரண்டு மாதம் முன்பே டிக்கெட் எடுப்பவர்கள் உண்டு. ஒரு பைசா மிச்சமாகாது. அன்றைக்குக் காலையில் எடுத்தாலும் அதே விலைதான்.

ஒரே வண்டிக்கு மூன்று விலை காட்டுகிறது. எதை எடுப்பது?

ஜெர்மனியை எடுத்துக்கொள்வோம். சூப்பர் ஸ்பார்பிரைஸ்தான் மலிவு. எடுத்த வண்டியில்தான் போக வேண்டும், ரத்து செய்தால் ஒன்றும் வராது. அடுத்தது ஸ்பார்பிரைஸ்: அதுவும் அதே வண்டிதான், ஆனால் பயண நாளுக்கு முன் ரத்து செய்தால் கழிவு போக மீதி வவுச்சராகக் கிடைக்கும். ஃப்ளெக்ஸ்பிரைஸ் விலை அதிகம். அந்த வழித்தடத்தில் அன்று எந்த வண்டியிலும் ஏறலாம். பிற நாடுகளிலும் பெயர்தான் மாறும், அடுக்கு ஏறக்குறைய இதுவே.

விமானம் இறங்கும் நாளில் மட்டும் மலிவு டிக்கெட் எடுக்காதீர்கள். விமானம் தாமதமானதற்கு ரயில்வே பொறுப்பேற்காது. ரயிலே தாமதமானால் கதை வேறு: போய்ச்சேரும் இடத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல் தாமதமாகும் என்று தெரிந்தாலே, "இந்த வண்டி மட்டும்" என்ற கட்டுப்பாட்டை டாய்ச்ச பான் தானாகவே நீக்கிவிடும். செயலியில் அந்த அறிவிப்பைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு அடுத்த வண்டியில் ஏறலாம்.

குடும்பமாகப் போகிறவர்கள் ஜெர்மனியின் மாநில டிக்கெட்டுகளை மறக்க வேண்டாம். பயர்ன் டிக்கெட் ஒன்றில் ஐந்து பேர் வரை நாள் முழுக்க பவேரியாவின் உள்ளூர் வண்டிகளில் சுற்றலாம். ம்யூனிக்கிலிருந்து நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்குப் போகும் ஃப்யூஸன் வரை செல்லும். எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் வரைக்கும்கூடச் செல்லும். திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9 மணிக்குப் பிறகுதான். ஐசிஇ, ஐசி போன்ற தொலைதூர வண்டிகளில் கூடாது.

டிக்கெட் கையில் இருக்கிறது. இருக்கை எண்ணைக் காணோமே?

டிக்கெட்டில் கோளாறு இல்லை. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, நெதர்லாந்து ஆகிய நாடுகளில் பெரும்பாலான வண்டிகளில் இருக்கைப் பதிவு கட்டாயமில்லை. டிக்கெட் உங்களை ஊர் சேர்க்கும். உட்கார வைப்பதாக வாக்குக் கொடுக்கவில்லை. காத்திருப்புப் பட்டியலோ ஆர்ஏசியோ இல்லை. ஜெர்மனியில் ஐந்தாறு யூரோ கூடுதலாகக் கொடுத்தால் ஐசிஇயில் இரண்டாம் வகுப்பு இருக்கையைப் பதிவு செய்யலாம். வெள்ளி மதியமும் ஞாயிறு மாலையும் அந்தக் காசைப் பார்க்காதீர்கள். பதிவு செய்யாதவர்கள் கதவருகே பெட்டி மீது உட்கார்ந்து நான்கு மணி நேரம் போவது அன்றாடக் காட்சி.

பிரான்ஸின் டிஜிவி, இத்தாலியின் ஃப்ரெச்சாரோசா, ஸ்பெயினின் ஏவிஇ, யூரோஸ்டார் இவற்றில் பதிவு கட்டாயம். டிக்கெட் விலையிலேயே இருக்கையும் சேர்ந்துவிடும். இடம் தீர்ந்தால் டிக்கெட்டும் தீர்ந்தது.

பதிவில்லாமல் ஐசிஇயில் ஏறினால் இருக்கைக்கு மேலோ பக்கத்திலோ உள்ள சிறு மின்திரையைப் பாருங்கள். அதில் இரண்டு ஊர்ப் பெயர் இருந்தால், அந்த இரண்டு ஊர்களுக்கு இடையில் அது இன்னொருவருடைய இடம். "ஹனோவர் – பெர்லின்" என்று இருந்து நீங்கள் ஹனோவரிலேயே இறங்குவதானால் தாராளமாக உட்காரலாம். திரை வெறுமையாக இருந்தால் காலி இடம். "தேவைப்பட்டால்" என்ற பொருள் தரும் ஜெர்மன் சொல்லின் சுருக்கமான "ggf." என்று தொடங்கும் வாசகம் தெரிந்தால், கடைசி நேரத்தில் யாராவது பதிவு செய்திருக்கலாம் என்று பொருள், உட்காருங்கள், வந்து கேட்டால் எழுந்துவிடுங்கள். பதிவு செய்தவர் வண்டி கிளம்பி 15 நிமிடத்துக்குள் வராவிட்டால் அவருடைய உரிமை போய்விடும். இது உங்களுக்கும் பொருந்தும்: தவறான பெட்டியில் ஏறிவிட்டால் உணவுப் பெட்டியில் காபி குடித்துவிட்டு நிதானமாக நடந்து வராதீர்கள்.

நம் ஊர் வங்கி அட்டை வேலை செய்யுமா?

செய்யும், ஆனால் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நீங்கள் இயக்கியிருக்க வேண்டும். ரிசர்வ் வங்கி விதிப்படி 2020 முதல் புதிய அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்து வருகின்றன. வங்கிச் செயலியில் போய் நாமேதான் இணையத்தில் கட்டுவது, கடையில் தேய்ப்பது இரண்டையும் தனித்தனியாக இயக்க வேண்டும். ஓடிபி இந்திய எண்ணுக்கு வரும் என்பதால் பெரிய டிக்கெட்டுகளை ஊரிலேயே எடுத்துவிடுங்கள். வெளிநாட்டில் ரோமிங் இல்லாத சிம்மை வைத்துக்கொண்டு பணம் கட்ட முயல்வது வீண்.

டிக்கெட்டில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். இனிஷியலை விரித்து எழுதுவதில் நம்மவர்களுக்குக் குழப்பம் வரும். "குடும்பப் பெயர்" என்ற கட்டத்தில் பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் என்ன இருக்கிறதோ அதையே போடுங்கள்.

யூரெயில் பாஸ் வாங்கினால் லாபமா?

கணக்குப் போட்டுப் பார்க்காமல் வாங்கக் கூடாத பொருள் அது. யூரெயில் என்பது பல நாட்டு ரயில்களில் சுற்றுவதற்கான ஒரே பயணச் சீட்டு, ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கானது. 33 நாடுகளில் செல்லும். ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு உரியது இன்டர்ரெயில். இதில் குடியுரிமை கணக்கில்லை, வசிப்பிடம்தான் கணக்கு. சூரிச்சிலோ ஓஸ்லோவிலோ லண்டனிலோ வசிப்பவர் இலங்கை பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் அவருக்கு இன்டர்ரெயில்தான். வசிக்கும் நாட்டுக்குள், வெளியே போக ஒரு பயணமும் திரும்பி வர ஒரு பயணமும் மட்டுமே இன்டர்ரெயிலில் அனுமதி. ஊரிலிருந்து வரும் உறவினர் யூரெயில் வாங்க வேண்டும்.

பாஸ் இருந்தாலும் டிஜிவி, ஃப்ரெச்சாரோசா, ஏவிஇ, யூரோஸ்டார், இரவு ரயில் இவற்றுக்குத் தனியாகப் பதிவுக் கட்டணம் உண்டு. பாஸ்காரர்களுக்கென்று ஒதுக்கிய இடம் குறைவு. அது தீர்ந்தால் வண்டி காலியாக ஓடினாலும் உங்களுக்கு இடமில்லை. இதாலோவில் பாஸே செல்லாது. ஆகவே பாரிஸ், மிலான், ரோம், பார்சிலோனா என்று போகிறவர்களுக்கு முன்கூட்டி எடுத்த தனி டிக்கெட்டே மலிவாக முடியும். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, செக் பக்கம் நினைத்த நேரத்தில் ஏறி இறங்கிச் சுற்றுகிறவர்களுக்கு பாஸ் நல்லது.

வாங்கினால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஏறுவதற்கு முன் பாஸுக்கென்றே உள்ள ரெயில் பிளானர் செயலியில் பாஸை இயக்கி, அந்தப் பயணத்தையும் சேர்க்க வேண்டும்; பரிசோதகர் வரும்போது அவசரமாகச் சேர்ப்பது ஏமாற்று முயற்சியாகவே பார்க்கப்படும். பயண நாள் என்பது நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை. இரவு ரயிலுக்குக் கிளம்பும் நாள் மட்டும் கணக்கு, வழியில் வண்டி மாறாமல் இருந்தால்.

டிக்கெட்டில் முத்திரை குத்த வேண்டும் என்கிறார்களே, எங்கே?

இத்தாலியில் இது தெரியாமல் மாட்டிக்கொள்கிற வெளியூர்க்காரர்கள் ஏராளம். ரெஜியோனாலே எனப்படும் உள்ளூர் வண்டிக்கு எந்திரத்தில் காகித டிக்கெட் எடுத்தால் அதில் நேரம் இருக்காது. நடைமேடைக்குப் போகும் வழியில் கம்பத்திலோ சுவரிலோ கையகல எந்திரம் ஒன்று இருக்கும். டிக்கெட்டின் முனையை அதன் வாயில் செருகி இடப்பக்கம் தள்ளினால் "கிர்ர்" என்று சத்தம் கேட்கும்; வெளியே எடுத்து, தேதியும் நேரமும் அச்சாகியிருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். மை காய்ந்த எந்திரங்கள் உண்டு. அப்படியானால் பேனாவால் தேதி, நேரம், நிலையத்தின் பெயரை எழுதி, ஏறியதும் நீங்களே பரிசோதகரைத் தேடிப் போய்ச் சொல்லுங்கள். முத்திரை விழுந்த பிறகு டிக்கெட் 4 மணி நேரம் செல்லும்.

செயலியில் எடுத்த உள்ளூர் டிக்கெட்டுக்கு முத்திரைக்குப் பதிலாக "செக்-இன்" என்ற பொத்தானை ஏறுவதற்கு முன் அழுத்த வேண்டும். ஃப்ரெச்சாரோசா, இதாலோ, டிஜிவி மாதிரி இருக்கை எண் போட்ட டிக்கெட்டுக்கு இது எதுவும் தேவையில்லை. பிரான்ஸில் டிஇஆர் எனப்படும் உள்ளூர் வண்டிகளின் காகித டிக்கெட்டில் குத்தச் சொல்லியிருந்தால் மஞ்சள் எந்திரத்தில் குத்த வேண்டும். ஜெர்மனியில் நகரப் போக்குவரத்து டிக்கெட்டுகள் சிலவற்றுக்கு இந்த வேலை இருக்கிறது. டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் 60 யூரோ. தெரியாது என்பது எந்த நாட்டிலும் செல்லுபடியாகும் பதில் இல்லை.

நெதர்லாந்து தனி ரகம். வங்கி அட்டையையே வாயிலில் தட்டி உள்ளே போய், இறங்கிய இடத்தில் அதே அட்டையைத் தட்டி வெளியே வரலாம். ஒரு அட்டையில் ஒருவர்தான். கைப்பேசியில் தட்டி ஏறிவிட்டு அட்டையைத் தட்டி இறங்கினால் எந்திரத்துக்கு அது வேறு ஆள். இரண்டிலும் பணம் பிடிக்கும்.

நிலையத்தின் பெயர் டிக்கெட்டில் ஒன்று, பலகையில் ஒன்றாக இருக்கிறதே?

ஊர்ப் பெயர்கள் அந்தந்த மொழியில்தான் இருக்கும். ஃபிளாரன்ஸ் பலகையில் ஃபிரென்ஸே, வெனிஸ் வெனெட்ஸியா, கொலோன் க்யோல்ன், வியன்னா வீன், ப்ராக் ப்ராஹா. இத்தாலியர்கள் ம்யூனிக்கை "மோனக்கோ" என்பார்கள். கடற்கரை மொனாக்கோவுக்குப் போகிறவர்கள் அதில் ஏறிவிடக் கூடாது. பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் மிடி என்பதும் ப்ரஸெல் ஸைட் என்பதும் ஒரே நிலையம். பிரெஞ்சு லீல் நகரம் டச்சு மொழியில் ரைஸெல்.

ஒரே ஊரில் பல நிலையங்கள் இருப்பதும் ஆளைக் கவிழ்க்கும். வெனிஸில் மெஸ்த்ரே தரைப்பகுதி, சாந்தா லூச்சியாதான் தீவு. ஃப்ராங்க்ஃபுர்ட் என்றே இரண்டு ஊர் உண்டு: விமான நிலையம் உள்ளது மைன் நதிக்கரையில், இன்னொன்று போலந்து எல்லையில் ஓடர் நதிக்கரையில். அவிஞ்யோனில் டிஜிவி நிலையம் ஊருக்கு வெளியே தனியாக இருக்கிறது. பாரிஸில் மட்டும் ஏழு பெரிய முனையங்கள். லண்டனிலிருந்து கார் து நோர் நிலையத்தில் இறங்குகிறவர் தெற்கே போக கார் து லியோன் நிலையத்துக்கு மாற வேண்டும். ஆர்இஆர் டி என்ற நகர ரயிலில் இரண்டாவது நிறுத்தம்தான், பத்து நிமிடம். ஆனால் பெட்டிகளோடு நடந்து, டிக்கெட் எடுத்து, சுரங்கப் பாதையில் வழி தேடுவதற்கு ஒரு மணி நேரமாவது வையுங்கள்.

எவ்வளவு நேரம் முன்னதாக நிலையத்துக்குப் போவது?

ஜெர்மனி, சுவிட்சர்லாந்தில் 15 நிமிடம் போதும். பிரான்ஸில் டிஜிவியின் கதவு கிளம்பும் நேரத்துக்கு 2 நிமிடம் முன்பே மூடும், 10.00 மணி வண்டி என்றால் 9.58 உங்கள் கடைசி நொடி. ஸ்பெயினில் அதிவேக வண்டிகளுக்குப் பெட்டிகளை எக்ஸ்ரேயில் போட்டுச் சோதிப்பார்கள், ஆகவே 30 நிமிடம். நேரம் எல்லா இடத்திலும் 24 மணிக் கணக்கில்தான்.

பலகையில் என் ஊர் பெயரே இல்லை. எந்த வண்டி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பலகையில் வண்டி முடியும் ஊர்தான் பெரிதாக இருக்கும். ரோமிலிருந்து ஃபிளாரன்ஸ் போகிறவர் "ஃபிரென்ஸே" என்று தேடினால் கிடைக்காமல் போகலாம். அந்த வண்டி மிலானுக்கோ டூரினுக்கோ வெனிஸுக்கோ போகிறது. வண்டி எண்ணையும் கிளம்பும் நேரத்தையும் வைத்துத் தேடுங்கள். நடைமேடை ஜெர்மன் மொழியில் க்லைஸ், பிரெஞ்சில் வ்வா, இத்தாலியில் பினாரியோ. ஜெர்மனியில் நடைமேடை எண் டிக்கெட் எடுக்கும்போதே தெரியும், கடைசியில் மாறவும் செய்யும். பிரான்ஸிலும் இத்தாலியிலும் சுமார் 20 நிமிடம் முன்புதான் காட்டுவார்கள். அதுவரை கூட்டம் பலகையை அண்ணாந்து பார்த்தபடி நிற்கும்.

நடைமேடைக்கு வந்தால் தலைக்கு மேலே ஏ, பி, சி, டி என்று எழுத்துப் பலகைகள். உங்கள் பெட்டி எந்த எழுத்துக்கு நேரே நிற்கும் என்பதை மின்பலகை காட்டும். வண்டி 400 மீட்டர் வரை நீளலாம், நிற்பதோ இரண்டு மூன்று நிமிடம். எனவே எழுத்தைப் பார்த்து முன்பே அங்கே போய் நில்லுங்கள். வண்டி வரிசை தலைகீழாக வருகிறது என்று அறிவித்தால் ஏ பக்கம் நிற்க வேண்டியவர்கள் எல்லாரும் மறுமுனைக்கு ஓடுவார்கள். நீங்களும் ஓட வேண்டியதுதான்.

இன்னொன்று: வழியில் இரண்டாகப் பிரியும் வண்டிகள். பெர்லினிலிருந்து மேற்கே போகும் பல ஐசிஇ வண்டிகள் ஹாம் நிலையத்தில் பிரிந்து, ஒரு பாதி வுப்பர்டால் வழியாகக் கொலோனுக்கும் மறு பாதி டியூஸல்டார்ஃப் பக்கமும் போகும். சரியான வண்டி, தவறான பாதி என்றால் தவறான ஊர்தான். கதவருகே உள்ள திரையில் போகும் ஊரைப் பார்த்துவிட்டு ஏறுங்கள். கதவு தானாகத் திறக்காது, பொத்தானை அழுத்த வேண்டும்.

வண்டி மாறுவதற்கு எவ்வளவு இடைவெளி வேண்டும்?

ஒரே டிக்கெட்டில் இரண்டு வண்டியும் இருந்தால், செயலி காட்டும் 8 நிமிட மாற்றத்தையும் ஏற்கலாம். முதல் வண்டி தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் உங்களைக் கொண்டு சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. ஆனால் ஜெர்மனியில் நீண்ட தூர வண்டிகள் தாமதமாவது சாதாரணம். பெரியவர்களும் பெட்டிகளும் இருந்தால் 30 நிமிடம் இருக்கும்படி தேர்ந்தெடுங்கள். தனித்தனி டிக்கெட்டாக எடுத்திருந்தால் ஒரு மணி நேரம். அன்றைய கடைசி வண்டியை நம்பி எதையும் திட்டமிடாதீர்கள்.

தாமதமானால் பணம் திரும்ப வருமா?

வரும், கேட்டால். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2021/782 விதி 2023 ஜூன் 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. போய்ச்சேரும் இடத்துக்கு 60 முதல் 119 நிமிடம் தாமதம் என்றால் டிக்கெட் விலையில் 25 சதவீதம், 120 நிமிடத்துக்கு மேல் 50 சதவீதம். வவுச்சர் கொடுத்தால் பணமாகத் தாருங்கள் என்று கேட்கலாம். மிகக் கடும் வானிலை, தண்டவாளத்தில் ஆள் நுழைவது போன்றவற்றால் வந்த தாமதத்துக்கு இழப்பீடு இல்லை. ரயில்வே ஊழியர் வேலைநிறுத்தம் இந்த விலக்கில் வராது. விண்ணப்பிக்க 3 மாதம் அவகாசம் என்பதால் ஊர் திரும்பிய பிறகும் செய்யலாம்.

60 நிமிடத்துக்கு மேல் தாமதம் என்று தெரிந்தால் பயணத்தையே கைவிட்டு முழுப் பணம் கேட்கலாம், அல்லது வேறு வண்டியில் போகலாம். நடுவழியில் இரவு தங்க நேர்ந்தால் விடுதி ஏற்பாடு அவர்களுடையது. நீங்களாக அறை எடுப்பதற்கு முன் தகவல் மையத்தில் ஒரு வார்த்தை கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். இல்லாவிட்டால் ரசீதையாவது பத்திரப்படுத்துங்கள்.

எத்தனை பெட்டி கொண்டுபோகலாம்?

யாரும் எடை போட மாட்டார்கள். பிரான்ஸின் டிஜிவி இனுயி வண்டியில் 70×90×50 செ.மீ. வரை இரண்டு பெட்டியும் ஒரு கைப்பையும். பெயர்ச் சீட்டு ஒட்டியிருக்க வேண்டும். எண்ணிக்கை அல்ல, தூக்குவதுதான் பிரச்சினை. போர்ட்டர் கிடையாது. பல வண்டிகளில் ஏற இரண்டு மூன்று படி உண்டு. சிறு ஊர்களில் லிஃப்ட் இருக்காது. விமானத்துக்குக் கட்டிய 23 கிலோ சூட்கேஸை நீங்களே, ஒரே கையால், இரண்டு நிமிடத்தில் ஏற்ற முடியுமா என்று வீட்டு மாடிப்படியில் ஒருமுறை பாருங்கள். முடியாவிட்டால் இரண்டு சிறிய பெட்டியாகப் பிரியுங்கள். பகலில் ஊர் பார்க்க, பெரிய நிலையங்களில் லாக்கர் உண்டு; சிலவற்றுக்குச் சில்லறை நாணயம்தான் வேண்டும்.

திருட்டு பயம் எந்த அளவுக்கு?

கத்தியைக் காட்டிப் பறிப்பது அரிது. கவனம் சிதறும் நொடியில் எடுப்பதுதான் வழக்கம். மிலான், ரோம், பாரிஸ், பார்சிலோனா, பிரஸ்ஸல்ஸ் பெரிய நிலையங்களில் கூடுதல் எச்சரிக்கை. டிக்கெட் எந்திரத்தில் உதவ வருகிற ஆள், பெட்டியைத் தூக்கிவிட்டுக் காசு கேட்கிற ஆள், கதவு மூடும் நேரத்தில் நெரிசல் உண்டாக்கும் கும்பல் என்று வகைகள் உண்டு. ரயில்வே ஊழியர் சீருடையில் இருப்பார். மற்ற உதவிக்கு "வேண்டாம்" என்று நகர்ந்துவிடுங்கள். பாஸ்போர்ட், பணம், கைப்பேசி உள்ள பை எப்போதும் மடியில், மேல் தட்டில் அல்ல. வண்டி நிற்கும்போதெல்லாம் கதவருகே அடுக்கிய பெட்டிகளைப் பாருங்கள்.

பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்க வேண்டுமா? ஷெங்கனுக்குள் சோதனையே இல்லையே?

அசல் பாஸ்போர்ட் வேண்டும். ஷெங்கன் பகுதியில் இப்போது 29 நாடுகள். எல்லையில் வழக்கமான சோதனை இல்லை என்றாலும் ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலி எல்லைகளில் போலீசார் வண்டிக்குள் வந்து கேட்பது உண்டு. நகலோ கைப்பேசிப் படமோ போதாது. பெயர் போட்ட டிக்கெட்டுக்கு அடையாளமாகவும் அதையே காட்ட வேண்டும்.

பாரிஸிலிருந்து லண்டன் போய்த் திரும்புவதற்கு?

இந்த வழியில் ஓடும் யூரோஸ்டார் மட்டும் விமானம் மாதிரி. பிரிட்டன் ஷெங்கனில் இல்லை. தனி விசா வேண்டும். திரும்பி பாரிஸ் வருவதாக இருந்தால் ஷெங்கன் விசா பலமுறை நுழைவுக்கு உரியதாக இருக்க வேண்டும். ஒருமுறை நுழைவு விசாவில் லண்டன் போனால் திரும்ப முடியாது. பயணம் சுமார் இரண்டே கால் மணி நேரம்தான். ஆனால் இரண்டு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் ஏறும் நிலையத்திலேயே நடக்கும். கிளம்ப 30 நிமிடம் இருக்கும்போது வாயில் மூடிவிடும். 2025 அக்டோபர் 12 முதல் வெளிநாட்டவரின் வருகையையும் வெளியேற்றத்தையும் கணினியில் பதியும் புதிய முறை படிப்படியாக வந்திருப்பதால் ஒன்றரை மணி நேரம் முன்பே போங்கள்.

சாப்பாடு, தண்ணீர், கழிப்பறை?

சொந்தச் சாப்பாட்டைத் தாராளமாகச் சாப்பிடலாம். எலுமிச்சைச் சாதமும் தயிர்ச் சாதமும் யாருக்கும் தொந்தரவில்லை. கருவாட்டுக் குழம்பை மட்டும் மூடிய பெட்டியில் திறக்காதீர்கள். ஊரிலிருந்து பால்கோவாவும் நெய்யும் கொண்டுபோகிறவர்கள் கவனிக்க: பால் பொருட்களையும் இறைச்சியையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் கொண்டுவர அனுமதி இல்லை. ஜெர்மனியில் ஞாயிறு கடைகள் மூடிக்கிடந்தாலும் பெரிய நிலையத்தில் உள்ள பல்பொருள் அங்காடி திறந்திருக்கும்.

வண்டிக் கழிப்பறைக் குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. கழிப்பறை வண்டியில் இலவசம், நிலையத்தில் ஒரு யூரோவோ அதற்கு மேலோ கேட்பார்கள். ஆகவே இறங்குவதற்குப் பத்து நிமிடம் முன்பே போய்விட்டு வாருங்கள். கழுவிக்கொள்ளக் குழாயோ குவளையோ இருக்காது. காலி பாட்டில் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

இரவு ரயில் நம் ஸ்லீப்பர் மாதிரி இருக்குமா?

ஆஸ்திரிய ரயில்வேயின் நைட்ஜெட்தான் பெரிய வலை; வியன்னா – வெனிஸ், சூரிச் – ஹம்பர்க் போன்ற வழித்தடங்கள். மூன்று தரம். உட்காரும் இருக்கை மலிவு, தூக்கம் வராது. அடுத்தது நான்கு அல்லது ஆறு படுக்கை அறை. போர்வை, தலையணை, காலை உணவு உண்டு. பெண்கள் மட்டும் உள்ள அறை கேட்டுப் பதிவு செய்யலாம். அதற்கு மேல் ஒன்று முதல் மூன்று பேருக்கான தூங்கும் அறை, கைகழுவும் தொட்டியோடு. நள்ளிரவில் வழியில் பெட்டிகளைப் பிரித்து வேறு வண்டியோடு கோப்பார்கள். தூங்கப் போகும்போது உங்கள் பெட்டியில்தான் இருக்கிறீர்களா என்று பாருங்கள்.

குழந்தைகள், முதியவர்கள்?

ஜெர்மனியின் தொலைதூர வண்டிகளில் 6 வயதுக்குக் கீழே இலவசம். 6 முதல் 14 வயதுக் குழந்தைகளும் பெரியவருடன் இலவசமாகப் போகலாம். ஆனால் டிக்கெட் எடுக்கும்போதே எண்ணிக்கையைச் சேர்க்க வேண்டும், பிறகு சேர்க்க முடியாது. சக்கர நாற்காலி, ஏற்றிவிடும் உதவி இவற்றைக் குறைந்தது 24 மணி நேரம் முன் பதிவு செய்தால் ரயில்வேயே செய்து தரும், கட்டணம் இல்லை.

வேலைநிறுத்தம் அறிவித்திருக்கிறார்களே?

இத்தாலியில் ஷோப்பெரோ, பிரான்ஸில் க்ரேவ். இரண்டும் முன்கூட்டியே அறிவிக்கப்படும். இத்தாலியில் வார நாட்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை உள்ளூர் வண்டிகளில் உத்தரவாதச் சேவை உண்டு. அந்த நேரத்துக்குள் பயணத்தை வைத்துக்கொள்ளுங்கள். பிரான்ஸில் எது ஓடும் என்பது முந்தைய நாள் மாலை தெரிந்துவிடும்.

தவறான வண்டியில் ஏறிவிட்டேன். என்ன செய்வது?

பரிசோதகர் உங்களைக் கண்டுபிடிப்பதற்கு முன் நீங்கள் அவரைக் கண்டுபிடியுங்கள். தேடி வந்து சொல்கிறவரிடம் பெரும்பாலானவர்கள் கடுமை காட்டுவதில்லை; எந்த ஊரில் இறங்கி எந்த வண்டியைப் பிடிப்பது என்று அவரே தன் கருவியில் பார்த்துச் சொல்வார். அவர் சொன்னதை டிக்கெட்டின் மேல் எழுதித் தரச் சொல்லுங்கள். திரும்பும் வண்டியில் வரும் பரிசோதகரிடம் காட்ட அது உதவும்.